பலகை அக்கா

பலகையை ரோட்டுக்கு முதுகைக் காட்டித்தான் நடுவார். "ரோட்டுல போறவனுக்கு என்ன வந்துச்சு? பக்கத்து வயல்காரன் கண்ணுல படணும்ல?" என்று சொல்லிக்கொண்டே கடப்பாறையால் குழி தோண்டுவார். இந்த விவசாய நிலத்தை வீட்டுமனையாக மாற்ற மனு வந்திருக்கிறது, ஆட்சேபம் உள்ளவர்கள் மாதக் கடைசிக்குள் சொல்லலாம் என்பது பலகையின் சாரம். நகராட்சியில் நிலப் பயன்பாட்டுப் பிரிவு எழுத்தர் அவர். ஊருக்கே பலகை அக்கா.

எங்கே வீடு கட்டலாம், எங்கே பட்டறை போடலாம், எங்கே பயிரைத் தவிர எதுவும் கூடாது என்று கேட்டால் விதியைப் படித்துக் காட்டமாட்டார். "வயலுக்கு நடுவுல ஒரு வீடு வருதுன்னு வைங்க. பின்னாலயே சாக்கடை வரும். பக்கத்துல மருந்தடிச்சா சண்டை வரும். கடைசியில வயல்காரனே வித்துட்டுக் கிளம்பிடுவான்." என் வயலில் லாரி நிறுத்த நான் கேட்ட அனுமதியும் இப்படித்தான் காற்றில் போனது.

மனுஷிக்கு ஞாபகம் ஜாஸ்தி. மரக்கடையைத் தாண்டும்போது, "இங்க வெள்ளரி போட்டிருந்தாங்க" என்பார். பெட்ரோல் பங்க்கைப் பார்த்து, "இங்கதான் என் தம்பி தவளை பிடிப்பான்" என்று சிரிப்பார். நானும் அந்த வெள்ளரியைத் தின்று வளர்ந்தவன்தானே.

போன மாதம் அவர் பலகை நட்டது, அப்பா விட்டுப்போன நிலத்தில் அதே தம்பியின் பங்கில். தம்பி குடும்பம் பட்டறை மாடியில் வாடகைக்கு இருக்கிறது. இரைச்சலில் கைக்குழந்தை கண்ணை மூடுவதில்லை. அடுத்த பங்கு அக்காவுடையது. பக்கத்து நிலக்காரர் மறுத்தால் மனு அப்படியே நின்றுவிடும். "ஊருக்குச் சொல்ற நியாயம் வீட்டுக்குக் கிடையாதா?" என்று கடைத்தெருவில் வம்பிழுத்தார்கள்.

ஆட்சேபம் சொல்லக் கடைசி நாள் சாயங்காலம், நிலத்துக்குக் கிளம்பிய அக்காவோடு நானும் கூடப் போனேன். வரப்பில் தம்பி, வீட்டுக்கு அளவு பிடிக்கக் கயிறும் கையுமாக நின்றிருந்தார்.

"அக்கா, உனக்கு மனசில்லைன்னா இப்பவே சொல்லிடு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"இந்த மூலையிலதான்டா அப்பா நமக்குச் சோளம் சுட்டுத் தருவாரு."

"தெரியும்க்கா. அதை விட்டுட்டுத்தான் கட்டப்போறேன்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். செருப்பை வரப்பில் கழற்றிவிட்டுக் கயிற்றின் மறுமுனையை வாங்கினார். எள்ளுச் செடிகளுக்குள் இறங்கிப் பின்பக்கமாகவே நடந்து, கயிறு விறைத்ததும் நுனியை மண்ணில் வைத்துக் கால் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார்.