பதினான்கு தறிக்கு ஒரே மயில்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். வாராவாரம் இந்த அரைப் பக்கத்தில் மழை, பஸ், அடுப்பு என்று எதையோ எழுதுகிறேன். நீங்களும் பெரிய மனது பண்ணிப் படிக்கிறீர்கள். இந்த வாரம் ஒரு பெரிய வேலையை எப்படித் திட்டம் போடுவது என்று எழுதப் போகிறேன். எட்டாவதோடு நின்றவள் எழுதுகிற விஷயமா இது? இல்லைதான். ஆனாலும் நடந்தது என் கை வழியாக நடந்தது...

ஆரணியில் ஒரு பட்டு முதலாளியிடம் நான் அட்டை குத்துகிறேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தறிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். ஓட்டை போட்ட அட்டைகளை வரிசையாகக் கோத்து அதில் மாட்டுவார்கள். ஓட்டை இருக்கிற இடத்தில் இழை எழும்பும், இல்லாத இடத்தில் கீழேயே கிடக்கும். சேலையில் மயில் எப்படி வர வேண்டும் என்பது அந்த அட்டையில்தான் இருக்கிறது.

போன மாதம் சென்னைக் கடையிலிருந்து ஒரு பார்சல் திரும்பி வந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி உடுத்த வேண்டும் என்று கேட்டு வாங்கிய சேலைகள். ஒரே நம்பர், ஒரே கலர். பாயில் வரிசையாக விரித்துப் பார்த்தோம். ஒரு மயிலுக்குக் கொண்டையில் மூன்று இறகு. அடுத்ததற்கு இரண்டு. ஒன்றுக்குக் கண்ணே இல்லை!

கடைக்காரர் ட்ரங்க் கால் போட்டார். தை மாதக் கல்யாணங்களுக்கும் இதே மயில்தான் வேண்டுமாம். எல்லாம் ஒன்று போல இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இதுவே கடைசி ஆர்டர் என்று சொல்லிவிட்டார். நெசவாளர் வீடுகளில் இருக்கிற எங்கள் பதினான்கு தறியும் அந்த ஒரு ஆர்டரில்தான் ஓடுகின்றன.

ஆறு வருஷத்துக்கு முன்னால் பதினான்கு வீட்டுக்கும் ஒரே மாதிரிதான் குத்திக் கொடுத்தேன். அதன் பிறகு கிழிந்தபோது ஒட்டியது, தோன்றியபோது குத்தியது எல்லாம் அவரவர் கைங்கரியம்.

முதலாளி ஆட்களைக் கூட்டி வைத்து முடிவைச் சொன்னார். எல்லாத் தறிக்கும் புது அட்டை. விஜயதசமியன்று, எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட வேண்டும்.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். தறியில் நீளவாக்கில் கட்டுகிற இழைதான் பாவு; ஒரு பாவு ஏற்றினால் மூன்று சேலை நெய்யலாம். பதினான்கு வீட்டிலும் பாவு ஒரே நாளில் முடியுமா? நடுச் சேலையில் அட்டையை மாற்றினால் பாதிச் சேலையில் பழைய மயில், மீதிப் பாதியில் புது மயில். திரும்பி வந்த பார்சலே பரவாயில்லை என்றாகிவிடும்.

அங்கேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். “இறங்கணும், நிறுத்துங்க” என்று சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப் வரை போய் நடந்து திரும்புகிறவள் நான். கூட்டத்தில் எங்கே வாய் திறக்க? ஆனால் கால் இருக்கிறதே. நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினேன்.

இரண்டே கேள்விதான். உங்கள் பாவு எப்போது முடியும்? அட்டையில் என்ன மாற்றினீர்கள்?

முதல் கேள்விக்கு எல்லோரும் விரல் மடக்கிப் பதில் சொன்னார்கள். இரண்டாவதற்கு முதல் வீட்டில் கிடைத்த பதில் இது: “நீ குத்திக் குடுத்தது அப்டியே கீதுக்கா. பக்கத்து வூட்டுக்காரன்தான் இஷ்டத்துக்கு ஒட்டு போட்டுகினு கீறான்.” பக்கத்து வீட்டுக்காரர் இவரைப் பற்றி அதையே சொன்னார்.

நான் வாதாடவில்லை. என்னிடம் இருந்த மூல அட்டையின் மேல் அவர்கள் அட்டையை வைத்து, வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். கல்யாணப் பத்திரிகைத் துண்டு ஒட்டிய ஓட்டை, பீடிக் கட்டு லேபிள் ஒட்டிய ஓட்டை, பென்சிலால் குத்திய ஓட்டை... எல்லாம் நோட்டில் ஏறின.

முள்ளிப்பட்டில் கன்னியப்பன் என்று ஒரு நெசவாளர். அவர் அட்டையில் மட்டும் என் கை நின்றுவிட்டது. நான் குத்தியபடி நெய்தால் மயிலின் அலகில் இழை நீளமாக மேலேயே மிதக்கும். வளையல் பட்டால் இழுத்துக்கொண்டு வந்துவிடும். அவர் நடுவில் ஒரு ஓட்டையை அடைத்து, அந்த இழையைக் கீழே இறக்கிப் பிடித்திருந்தார். அலகில் இழை பிரிந்தது என்று அவர் சேலை ஒன்றுகூடத் திரும்பியதில்லை.

“இதை நீங்களா செஞ்சீங்க?”

“நா ஒண்ணும் பண்லியே.”

“நல்லா இருக்குங்க. புது அட்டை எல்லாத்துலயும் இதையே போடப் போறேன்.”

அடைத்த ஓட்டையை விரலால் தொட்டுக் காட்டினார். “நாலு வருசமாச்சுக்கா. சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லாமலே நெய்துகினு கீறேன்.”

பதினான்கு வீட்டில் தப்புத் தேடப் போனவள் நான். ஒரு தப்பு என் மூல அட்டையிலேயே உட்கார்ந்திருந்தது.

அடுத்த வாரம் முதலாளி வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். விஜயதசமி, காலை எத்தனை மணி என்று அவர் படிக்க, தலைகள் ஆடின. கடைசி வரிசையில் நான். பிடித்திருந்த பிடியில் நோட்டு அட்டையின் நீலம் விரலில் ஒட்டிக்கொண்டது. எழுந்துவிட்டேன்.

“ஐயா, அட்டைக்கு விஜயதசமி நல்ல நாள்தாங்க. பாவுக்கு, அது முடியற நாள்தாங்க நல்ல நாள்.”

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். “இன்னாம்மா சொல்ற? நல்ல நாள்ல வாங்கிகினு போயி மாட்டாம அழகு பாக்கச் சொல்றியா?”

சிரிப்பு. பேசவே பேசாத அம்மா, பேசினால் இப்படிப் பேஜார் பண்ணுகிறதே என்று யாரோ முணுமுணுத்தார்கள். நான் உட்காரவில்லை. நோட்டைப் பிரித்து, எந்த வீட்டில் பாவு என்றைக்கு முடிகிறது என்று பதினான்கையும் வாசித்தேன். இரண்டு வீட்டுக்குக்கூட நாள் ஒத்துப்போகவில்லை. சிரிப்பு அடங்கியது.

பிறகு என் திட்டத்தைச் சொன்னேன். விஜயதசமியன்று எல்லோரும் அட்டை வாங்கிப் பொட்டு வைத்துத் தறிக்குப் பக்கத்தில் தொங்கவிடட்டும். மாட்ட வேண்டாம். கன்னியப்பனுக்குத்தான் பாவு முதலில் முடிகிறது. மறுநாள் அவர் தறியில் மட்டும் மாட்டுவோம். அங்கே மயில் சரியாக வந்தால், மற்றவர்கள் அவரவர் பாவு முடிந்ததும் மாட்டலாம். பழைய அட்டை என் கைக்கு வந்தால்தான் அடுத்த பாவுக்குப் பட்டு. ஆனால் பழையதைக் கிழிக்க மாட்டேன். தை வரை மூட்டை கட்டி வைப்பேன். புதியது கைவிட்டால் தறி நிற்கக் கூடாது அல்லவா?

முதலாளி நோட்டை வாங்கி இரண்டு முறை படித்தார். அந்தம்மா சொல்கிறபடியே செய்யுங்கள் என்றார். இதை முதலிலேயே சொல்வதற்கென்ன என்றும் கேட்டார். நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

புதுக் கடை, புது ஆபீஸ், புது ரூல் — எல்லாவற்றுக்கும் ஆரம்பிக்க நாள் பார்க்கிறோம். பாதியில் ஓடிக்கொண்டிருக்கிறதே பழசு, அதை எங்கே நிறுத்துவது என்று யாராவது பார்க்கிறோமா?

விஜயதசமி நல்லபடியாக நடந்தது. பதினான்கு வீட்டிலும் அட்டைக்குக் குங்குமம் வைத்தார்கள்.

மறுநாள் கன்னியப்பன் தறியில் மாட்டினோம். மதியத்துக்குள் முதல் மயில் வந்தது. அலகு நன்றாக இருந்தது. கழுத்தில் ஒரு வெட்டு இருந்தது. அறுபத்தொன்றாம் அட்டையும் அறுபத்திரண்டாம் அட்டையும் இடம் மாறியிருந்தன, கோத்தது நான். அதைப் பார்த்தே மற்றப் பதின்மூன்றையும் கோத்திருந்தேன். அங்கே அதைச் சரி செய்துவிட்டு, விளக்கு வைப்பதற்குள் பதின்மூன்று வீட்டுக்கும் போய்ப் பிரித்து, மாற்றிக் கோத்துவிட்டு வந்தேன். குங்குமம் அழியாமல் பார்த்துக்கொண்டேன்.