இரு அணிக்கும் பேசிய வாய்

கட்டாயத் தேசிய சேவை வேண்டும் என்ற அணிக்காகப் எங்கள் மலையூரான பிரிஞ்சாங் மண்டபத்து விவாதப் போட்டியில் நான் முழங்கினேன். "சில வாரங்களை நாட்டுக்குத் தர முடியாதவன் இளைஞனா?" என்ற என் கேள்விக்குக் கைதட்டியவர்களில் பக்கத்து வீட்டுச் செல்வமும் ஒருவன். மறுவாரமே பயிற்சி முகாமுக்குத் தானாகப் பெயர் கொடுத்தான்.

"ஒன் பேச்சு தூங்க விடல லா," என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் போக ஆளில்லாத குடும்பத்துக்கு, தோட்டம் தரும் லயத்து வீடு இல்லை. செல்வம் முகாமுக்குப் போனதும் தோட்டக் கணக்கரான கிராணி வீட்டைத் திருப்பிக் கேட்டார். முழங்கால் வலியால் வேலையை விட்டிருந்த அவன் தாயார், வீட்டுக்காக மறுபடி கொழுந்து பறிக்க மலையேறினார். ஈரச் சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்.

அடுத்த போட்டியில் சீட்டுக் குலுக்கியபோது எனக்கு எதிரணி விழுந்தது. அந்தத் தாயின் முறிந்த எலும்பைச் சொல்லியே கட்டாயச் சேவையைச் சாடினேன். சபை கண் துடைத்தது. முதல் பரிசும் எனக்கே.

கேடயத்தோடு அவரைப் பார்க்கப் போனேன். என் பேச்சைக் கைப்பேசியில் கேட்டிருந்தார்.

"நல்லாத்தான் பேசுன தம்பி. இந்த வீட்டுச் சங்கதி மொதல்ல பேசுன அன்னிக்கே ஒனக்குத் தெரியும்தானே?"

தெரியும். நானும் அதே லயத்தில் பிறந்தவன்.

இப்போது என் பேச்சைக் கேட்டு யாராவது பெயர் கொடுக்கப் போனால், மேடையிலிருந்து இறங்கி, "வீட்டில் யார் வேலைக்குப் போவார்கள்?" என்று கேட்கிறேன். செல்வத்திடம் நான் கேட்காத கேள்வி அது.