காசம்மாளின் பாவசங்கீர்த்தனம்

வில்லியனூருக்கு மேற்கே ஒரு சிற்றூரில், பால் சொசைட்டியில் ஆரோக்கியசெல்விக்கு வேலை. காலையும் மாலையும் ஊர்ப் பெண்கள் கொண்டுவரும் பாலை அளந்து வாங்குவாள். கணவர் மரியதாஸ் மூலக்குளத்தில் ஒரு சிமெண்ட் கடையில் இருக்கிறார். அதற்கு முன்னால் விழுப்புரம் பக்கம் கத்தோலிக்கப் பங்குச் சாமியாராக இருந்தவர். அந்த வாழ்க்கை தனக்கு ஒத்துவரவில்லை என்று முறையாக விலகி, ரோமிலிருந்து அனுமதி வரும்வரை வருஷக்கணக்கில் காத்திருந்து, பிறகுதான் பெண் தேடினார். சொந்தக்காரர் ஒருவர் சொல்லி செல்வியைப் பார்க்க வந்தார். அதற்கு முன்பு இருவருக்கும் முகப்பழக்கம்கூட இல்லை.

ஊர் அப்படி விடுமா? அவள்தான் சாமியாரை மயக்கி இழுத்துவந்தாள் என்று ஒரு கதை கிளம்பியது. அது பாகூர் வரை போய், அங்கே செல்வியின் தங்கை ஜெசிந்தாவுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றது. ஜெசிந்தா இன்னும் இதே ஊரில் இருக்கும் அம்மா வீட்டிலிருந்து திருபுவனைக்குக் கம்பெனி வேலைக்குப் போய்வருகிறாள். மாப்பிள்ளை பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். கதையைக் கட்டிவிட்டது யாரென்று தெரிந்தால் முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று செல்வி காத்திருந்தாள்.

சாமியார்கள் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று யார் பேச்செடுத்தாலும் எதிர்வீட்டுக் காசம்மாளிடம் ஒரே பதில்தான். பால் வரிசையில் நின்று, செல்வி காதுபடவே சொல்வாள்.

"கண்ணாலம் கட்னா பாவசங்கீர்த்தனம் இன்னாத்துக்கு ஆவும்? நாம பாவத்த சாமிகிட்ட ரகசியமா சொல்றது ராத்திரிக்கே பொண்டாட்டி காதுக்குப் பூடும். காலைல ஊரே சிரிக்கும்."

மரியதாஸ் இதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வார். செல்விக்குச் சிரிப்பு வராது.

போன மழைக்காலத்தில் புல் அறுக்கப் போன காசம்மாளைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. வாசலில் கிடத்தி ஆம்புலன்சுக்குக் காத்திருந்தார்கள். பங்குச் சாமியார் வெளியூர் போயிருந்தார். காசம்மாளுக்கு விஷத்தைவிட, பாவத்தோடு சாகிற பயம்தான் பெரிதாக இருந்தது. மரியதாஸ் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உசுருக்கு ஆபத்துன்னா, குருப்பட்டத்த வுட்டவன்கூட பாவமன்னிப்பு குடுக்கலாம்மா. திருச்சபை சட்டமே அதான்."

காசம்மாள் யோசித்தாள். அந்த நிலைமையிலும் யோசித்தாள், பாருங்கள். பிறகு தன் தலையை மடியில் தாங்கியிருந்த செல்வியைக் காட்டி, "இவ எட்டப் போவட்டும்" என்றாள்.

பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டாள். திரும்பி வந்தவள் வரிசையில் வாய் திறப்பதே இல்லை. பால் ஊற்றும்போது செல்வியின் முகத்தையே பார்ப்பாள். செல்வி நிமிர்ந்தால் தலையைக் குனிந்துகொள்வாள்.

செல்விக்குப் பொறி தட்டியது. வீட்டுக்கு வந்து கணவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தம்மா இன்னா சொன்னாங்க? ஜெசிந்தா விஷயமா?"

"அத கேக்காத செல்வி."

அழுது பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். "என் தங்கச்சியவிட அவங்க ஒசத்தியா ஒங்களுக்கு?" என்றும் கேட்டுவிட்டாள். மனிதர் அசையவில்லை. காலையில் கடைக்குக் கிளம்பும்போது எதிர்வீட்டுப் பக்கம் திரும்பி, "கால் வீக்கம் கொறஞ்சுதாம்மா?" என்று மட்டும் வழக்கம்போல விசாரித்துவிட்டுப் போவார். செல்விக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பொங்கல் கழிந்து ஒரு மாலை, எல்லாரும் போன பிறகும் காசம்மாள் சொசைட்டியில் நின்றாள்.

"அவரு உங்கிட்ட ஒண்ணும் சொல்லலியா?"

"இல்ல."

"நெசமா?"

"கேட்டுக் கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம்."

காசம்மாள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். "அந்தக் கதைய கட்டிவுட்டது நாந்தான்டி. பாகூருக்கு ஆள் வுட்டு சொன்னதும் நாந்தான். அந்த மாப்பிள்ளைய எங்க அக்கா மவளுக்குப் பேசணும்னு நெனச்சிருந்தேன்."

இத்தனை நாள் கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையை விட்டுவிட்டு, செல்வி பஸ் வரும் பக்கம் கையைக் காட்டினாள். "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? இப்ப கம்பெனி பஸ்ல ஜெசிந்தா வருவா. அவகிட்ட சொல்லுங்க" என்றாள்.

வீட்டில் மரியதாஸ் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அவங்களே எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. இப்பவாவது ஆமான்னு சொல்லுங்களேன்."

"எதுக்கு ஆமான்னு சொல்லணும்?" என்று கேட்டுவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

அவரை ஓங்கி ஒரு அறை வைக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது செல்விக்கு. தெருமுனையில் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஜெசிந்தாவை நோக்கி, காசம்மாள் காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தாள்.