பதினான்கு கைகளும் ஒரு கழுத்தும்

இடது கையின் இரண்டு விரல்களைத் தாடைக்குக் கீழே கழுத்தில் பதித்துக்கொண்டு, கண்களை மூடி, வலது கையால் மோட்டாரின் பொத்தானை அழுத்துகிறார் டோர்கில். மேஜைமேல் பதினான்கு கைகள் அசையத் தொடங்குகின்றன. முதல் கை பெட்டிக்குள் குனிந்து ஒரு பந்தை எடுத்து இரண்டாம் கைக்கு நீட்டுகிறது. இரண்டாவது மூன்றாவதற்கு நீட்டுகிறது. பதினான்காம் கை அதை அடுத்த பெட்டியில் போடும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தமும் கழுத்தில் துடிப்பதும் ஒன்றாக விழ வேண்டும். விழவில்லை என்றால் டோர்கில் பொத்தானை அணைத்துவிட்டு, பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல வந்தவர்போலத் தலையை ஆட்டுவார்.

“முந்துது. கழுதைக்கு என்ன அவசரம்?”

எல்லாம் பொம்மைக் கட்டைகள். ஒன்றோடொன்று செருகிக் குழந்தைகள் வீடு கட்டுமே, அவைதான். குழந்தைகளுக்கானவை என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. டென்மார்க்கின் மேற்குக் கரையில் காற்று ஓயாத எங்கள் ஊரில் இவற்றுக்காக ஒரு சங்கம் உண்டு, இருபத்திரண்டு உறுப்பினர்கள், மிக இளையவருக்கு நாற்பத்தொன்பது வயது. ஆளுக்கொரு இயந்திரம் கட்டுவோம். நெல்லிக்காய் அளவுப் பிளாஸ்டிக் பந்துகளை வாங்கி, தூக்கி, உருட்டி, எறிந்து, பக்கத்து இயந்திரத்தின் பெட்டியில் சேர்ப்பதுதான் ஒவ்வொன்றின் வேலையும். வசந்தகாலத்தில் ஒருநாள் ஹேண்ட்பால் அரங்கில் இருபத்திரண்டையும் வட்டமாக நிறுத்தி ஓட்டுவோம். பந்துகள் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும். எதற்காக என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்கக்கூடியவர்களை நாங்கள் சேர்த்துக்கொள்வதில்லை.

விதிகள் இரண்டே. நொடிக்கு ஒரு பந்து வீதம் வாங்கிக்கொள்ள வேண்டும், ஒன்றும் வழியக் கூடாது. வட்டத்தில் சேருமுன் ஒவ்வொரு இயந்திரமும் அரைமணி நேரச் சோதனையில் யார் கையும் படாமல் ஓடிக் காட்ட வேண்டும். கை பட்டால் அந்த வருஷத்துக்கு வட்டத்தில் இடமில்லை. மற்றவர்கள் நொடியைக் கடிகாரத்தில் பார்ப்போம். டோர்கில் கழுத்தில் பார்ப்பார்.

அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. பத்தொன்பது வயதில் ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது ஒரு டாக்டர் அவர் நாடியைப் பிடித்துவிட்டு, “அறுபது. அச்சு அசல் அறுபது. உனக்குக் கடிகாரம் வாங்குற காசு மிச்சம்டா” என்றாராம். டாக்டர் அதை அன்றைக்கே மறந்திருப்பார். டோர்கில் அன்றுமுதல் கடிகாரமே கட்டவில்லை. பிறகு முப்பத்தெட்டு வருஷம் நீரேற்று நிலையத்தில் பம்புகளைக் கவனித்துக்கொண்டார். குழாயின்மேல் இரண்டு விரல், கழுத்தில் இரண்டு விரல். “மூணாம் பம்புக்கு மூச்சு இரைக்குது, வால்வைப் பாருங்க” என்பார். பார்த்தால் அப்படியே இருக்குமாம்.

முட்டை அவிப்பதும் அதே கணக்கில்தான்: முந்நூறு துடிப்பு. அவர் வீட்டுக் காலை உணவில் முன்பெல்லாம் கரண்டியால் தட்டினால் மஞ்சள் கரு வழியும். இப்போது சில வருஷங்களாக அந்த முட்டை கெட்டியாகிக்கொண்டே போகிறது. போன மாதம் அங்கே சாப்பிட வந்த எய்விண்ட், முட்டையைக் கறுத்த ரை ரொட்டிமேல் வைத்து நறுக்கிப் பார்த்துவிட்டு, “டோர்கில், இத அவிச்சியா, சுட்டியா? கத்தி வழுக்குது” என்றார். எய்விண்டும் எங்கள் சங்கத்தில்தான் இருக்கிறார். வாய் சும்மா இருக்காது.

“முந்நூறுதான் எண்ணுனேன். இப்ப வர்ற கோழிங்க சரியில்ல” என்றார் டோர்கில்.

கோழிகள் மட்டுமல்ல. அரங்கின் சுவர்க் கடிகாரம், ரயில் நிலையம், வானொலிச் செய்தி, எல்லாமே அவர் கருத்துப்படி வருஷாவருஷம் வேகமாகிக்கொண்டு வந்தன. உலகம் இப்படி முந்துவது அவருக்கு வருத்தம்தான். ஆனால் உலகத்தை அவர் கட்டவில்லை. இயந்திரத்தை அவர்தான் கட்டினார். எனவே அதைத் திருத்தினார். கழுத்து ஒரு துடிப்பை விழுங்கும் நேரத்தில் இயந்திரமும் நின்று போக, நான்கு இடங்களில் நான்கு தனிச் சக்கரங்களைப் பொருத்தினார். ஒவ்வொன்றும் ஒரு ரப்பர் பேண்டை இழுத்துப் பிடித்து அச்சை ஒரு கணம் நிறுத்தும், பிறகு விட்டுவிடும். வருஷத்துக்கு ஒரு சக்கரம்.

அந்தக் கணத்தை நேரில் பார்க்க வேண்டும். மணல் நிறக் கட்டைகளால் ஆன பதினான்கு கைகளும் பாதியில் நிற்கும், ஒவ்வொன்றும் ஒரு பந்தை நீட்டியபடி. கூட்டத்தில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டால் எல்லோரும் திரும்பாமல் ஒரு நொடி நிற்பார்களே, அப்படி. பக்கத்தில் நின்று காப்பி குடிப்பவர்கள் கோப்பையை உதட்டருகே வைத்துக்கொண்டு குடிக்காமல் நிற்பார்கள். மோட்டார் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு கைகள் ஓடும். எல்லோரும் ஒன்றாக மூச்சு விடுவார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். வட்டத்தில் டோர்கிலின் இயந்திரத்துக்கு அடுத்த இடம் வேண்டாம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. எனக்கு அந்த மூலையில் வெளிச்சம் போதவில்லை.

நின்று நின்று ஓடினால் பந்து தேங்கும் அல்லவா? டோர்கில் அதற்கும் வழி கண்டார். பந்து வந்து விழும் பெட்டியைப் பெரிதாக்கினார். முதலில் சோப்புப் பெட்டி அளவு. பிறகு செருப்புப் பெட்டி. இந்த வருஷம் அழுக்குத்துணிக் கூடை. அதன் பாரத்தில் இயந்திரம் சாயாமலிருக்கக் கீழே மூன்று மூலைகளில் மடித்த காகிதம் வைத்திருந்தார். மாவட்ட மருத்துவமனையிலிருந்து வந்த மூன்று கடிதங்கள். “தாளு நல்ல கனம். மத்தவங்க அனுப்புறது எல்லாம் இப்ப மெல்லிசு” என்று பாராட்டினார்.

கடிதங்களில் இருந்ததை அவர் ஒளிக்கவில்லை. மழை, காற்று பற்றிச் சொல்வதுபோல எல்லோரிடமும் சொன்னார். இதயம் துடிப்பைத் தவறவிடுகிறது. நெஞ்சுக்குள் ஒரு சிறு கருவி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் ஒருநாள் தவறவிட்ட துடிப்பு திரும்பி வராது. மூன்று முறை நாள் குறித்துக் கொடுத்தார்கள். மூன்று முறையும் போகவில்லை.

“பயமா?” என்று கேட்டேன்.

“பயமா! அது மெஷினுப்பா. உள்ள வச்சுட்டா அத யாரு ட்யூன் பண்றது? எவனோ ஒரு பய கம்ப்யூட்டர்ல தட்டுவானாம். முகமே தெரியாதவன் கையில என் வேகத்தக் குடுக்கச் சொல்றியா? நீ உன் மெஷினத் தருவியா?”

நான் தரமாட்டேன். என் பற்சக்கரத்தை யாராவது தொட்டால் எனக்கே இரண்டு நாள் தூக்கம் வராது. எங்கள் சங்கத்தில் இருபத்தொரு பேருக்கு அந்தப் பதில் முழு நியாயமாகப் பட்டது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இருபத்திரண்டாவது ஆள் போடில். எய்விண்டின் மனைவி, ஊர் ஊராகச் சைக்கிளில் போன நர்ஸ், இப்போது ஓய்வில், எங்கள் சோதனை அதிகாரி. ஒன்பது வருஷமாக அவர் கண்ணில் மண் தூவியவர் இல்லை. ஒருமுறை எய்விண்ட் தன் இயந்திரத்தில் விளிம்பில் நின்ற பந்தை ‘உஃப்’ என்று ஊதித் தள்ளிவிட்டார். “ஊதுனாலும் தொட்ட மாதிரிதான்” என்று தன் கணவரையே வட்டத்தைவிட்டு அனுப்பியவர் போடில். அந்த வருஷம் அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் ரொம்ப அமைதியாக நடந்தது.

போன சனிக்கிழமை காலை சோதனை. டோர்கில் இருபது நிமிஷம் தாமதமாக வந்து, எல்லோருக்கும் கை கொடுத்து, “போன தடவைக்கு நன்றி” என்று எங்கள் ஊர் முறைப்படி சொல்லி, இயந்திரத்தை மேஜையில் வைத்தார். அடியில் கடிதங்களைச் செருகினார். கழுத்தில் விரல் வைத்தார். போடில் ஸ்டாப்வாட்சைத் தட்டினார். சங்கத்தின் சோதனை இயந்திரத்திலிருந்து நொடிக்கொரு பந்து கூடைக்குள் விழ ஆரம்பித்தது.

முதல் நிமிஷம் முடிந்ததும் போடில் சொன்னார்: “அம்பத்தி ரெண்டு.”

“அறுபது” என்றார் டோர்கில் கண் திறக்காமல்.

“வாட்ச் அம்பத்தி ரெண்டுங்குது.”

“வாட்ச் எங்க வாங்குன?”

“கூட நிரம்பி வழியாத வரைக்கும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். விதி விதிதான்” என்றார் போடில். அப்போது கைகள் நின்றன. பதினான்கும். எங்கள் கோப்பைகளும். ஒன்று, ஒன்றரை நொடி. மறுபடி ஓடின. போடில் இயந்திரத்தைப் பார்க்கவில்லை. டோர்கிலின் நீலம் பாரித்த உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் கையக் குடு.”

“எதுக்கு?”

“குடுன்னா குடேன். கல்யாணமா பண்ணிக்கப் போறேன்?”

“கேட்டாளே ஒரு கேள்வி! நான் இங்கதாண்டி நிக்கிறேன்” என்றார் எய்விண்ட்.

ஒரு கையால் டோர்கிலின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் ஸ்டாப்வாட்சுடன் போடில் நின்றார். இருபது நிமிஷம் அப்படியே. இயந்திரம் நிற்கும், அவர் விரலடியில் நாடி நிற்கும், இரண்டும் கிளம்பும். பதினோரு முறை. பன்னிரண்டாம் முறை போடிலின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

“என்னடி?” என்றார் எய்விண்ட்.

“ரெண்டும் சேந்து நிக்கலைங்க” என்றார் போடில் தணிந்த குரலில். “மொதல்ல நிக்கிறது மெஷினு. அதுக்கப்புறம்தான் இவரோடது.”

டோர்கில் கண்ணைத் திறந்தார். அவர் முகத்தில் அச்சம் இல்லை. சொல்லத் தயங்கும்படியான ஒன்று இருந்தது. பெருமை. நான்கு வருஷம் திருத்தித் திருத்திக் கடைசியில் துடிப்பை எட்டிப் பிடித்துவிட்டார். “பாத்தியா, இப்ப அது பின்தங்கவே இல்ல” என்றார்.

“லூசு மாதிரி பேசாத. வண்டி வெளிய நிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்றேன். கெளம்பு.”

“இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு. பாதியில போனா தோத்தவன்.”

போடில் மணிக்கட்டை விடாமல் வாட்சைப் பார்த்தார். ஒன்பது வருஷம் அவரே காத்த விதி அது.

இருபத்தேழாவது நிமிஷத்தில் கைகள் நின்றன. நாங்கள் மூச்சைப் பிடித்தோம்; வழக்கமாக விடும் நேரத்தில் விட முடியவில்லை. இரண்டு நொடி. மூன்று. மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான்கு சக்கரங்களும் ஒரே நேரத்தில் அச்சைப் பிடித்துக்கொண்டிருந்தன. அப்படி ஆகக் கூடும் என்று நாங்கள் யாரும் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. நான்கு. டோர்கிலின் முகம் ஆடை எடுத்த பால் நிறத்துக்குப் போயிற்று. அவர் விழவில்லை. ஒரு கை கழுத்தில், ஒரு கை போடிலிடம், கைகளைப் பார்த்தபடியே நின்றார். அவை பந்தை நீட்டிக்கொண்டிருந்தன.

“இரு… வரும்…” என்றார். காற்றில்லாத குரல்.

ஐந்து. கூடையில் ஒரு பந்து மற்றவற்றின்மேல் விழுந்து உருண்டது. மோட்டாரைத் தவிர அரங்கில் அது ஒன்றுதான் சத்தம்.

போடில் ஸ்டாப்வாட்சைக் கீழே போட்டார். ஆள்காட்டி விரலை நீட்டி, ஏழாவது கையை எட்டாவதின் பக்கம் தள்ளினார்.

ரப்பர் பேண்ட் ‘சட்’ என்று விட்டது. பதினான்கு கைகளும் ஒரு குலுக்குக் குலுக்கி ஓடின. ‘டக்’ என்று பந்து விழுந்தது. போடில் கண்ணை மூடி, “வந்துடுச்சு” என்றார். எதைச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. டோர்கில் பெரிதாக மூச்சை இழுத்தார். முகத்தில் நிறம் திட்டுத்திட்டாகத் திரும்பியது.

“தொட்டுட்ட” என்றார்.

“தொட்டேன்.”

“இருபத்தேழாவது நிமிஷத்துல.”

“ஆமா. நீ தோத்துட்ட. எழுதிக்கோங்க எல்லாரும்” என்றார் போடில். குரல் அதட்டலாகத்தான் இருந்தது. கண்ணில் நீர் நின்றது. “இந்த வருஷம் உனக்கு வட்டத்துல எடமில்ல. இங்க உனக்கு ஒரு வேலையும் கெடையாது.”

டோர்கில் சற்று யோசித்தார். விதி சரிதான், அதில் வாதாட ஒன்றுமில்லை. எய்விண்ட் காரைக் கிளப்ப ஓடினார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது; அதை அணைக்க எங்களில் ஒருவருக்கும் கை வரவில்லை.

நாற்காலி முதுகிலிருந்து கோட்டை எடுத்து டோர்கில் ஒரு கையை நுழைத்தார். மறுகை இன்னும் போடிலின் பிடியில் இருந்தது. அதைக் கேட்டு வாங்கப்போவதுபோல அவரைப் பார்த்தார். கேட்கவில்லை. காலியாகத் தொங்கிய கோட்டுக்கையை அப்படியே தோள்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, அந்த மணிக்கட்டை அவரிடமே விட்டுவிட்டு, அவர் இழுத்த வேகத்துக்கு நடந்தார்.