கனூவில் எழும்பியவன்

சீமோனை நல்ல மனிதன் என்று எழுதச் சொன்னால் யோசிக்காமல் எழுதுவேன். உண்மை பேசுகிறவன் என்று எழுதச் சொன்னால், அவன் வாழ்க்கையில் ஒரு வருடத்தைக் கழித்துவிட்டுத்தான் எழுதமுடியும். அந்த ஒரு வருடத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது. வேறு யாராவது இதை எழுதினால் என் பெயரை விட்டுவிடுவார்கள். அதனால் நானே எழுதுகிறேன்.

சீமோனுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. மன்னார்க் கரையில் பிறந்து, பதினெட்டு வயதுவரை தகப்பனின் வள்ளத்தில் கடலுக்குப் போனவன். கனடா வந்த நாள்முதல் ஸ்காபரோவில், மோர்னிங்சைட்டில்தான் இருக்கிறான். பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். நானும் அங்கேதான் வேலை. ஒரே காரில் போய்வருவோம். ஹைவே நெரிசலில் இரண்டு பேர் பத்து வருடம் அடைபட்டுக் கிடந்தால் ஒன்று நட்பு வரும், இல்லையென்றால் கொலை விழும். எங்களுக்கு நட்பு வந்தது.

வேலையிலிருந்து ஓய்வுபெற்றுப் போன ஒருவர் தன்னுடைய பழைய சிவப்புக் கனூவை, இரண்டு பேர் துடுப்புப் போடுகிற ஒடுங்கிய படகை, சீமோனுக்கு விற்றார். அதில் தொடங்கியது எல்லாம். சனங்கள் கோடையில் பாபிக்கியூ போட ஏரிக்குப் போவார்கள். இவன் போவது ஏப்ரல் கடைசியில், ஏரியை மூடிக்கிடந்த ஐஸ் உடைந்து கரைந்த அந்தக் கிழமையில். ட்ரவுட் மீன் குளிரைத் தேடுகிற மீன். கோடையில் ஆழத்துக்கு இறங்கிவிடும். ஐஸ் போனவுடன் இரண்டு மூன்று கிழமை மட்டும் மேல்நீரில் திரியும். அது வேண்டுமென்றால் அந்தக் குளிரில் நாங்கள்தான் போகவேண்டும்.

காரில் வடக்கே மூன்றரை மணிநேரம். பிறகு ஒரு ஏரியைக் கனூவில் கடந்து, கனூவைக் கவிழ்த்துத் தோளில் காவிக்கொண்டு காட்டுப் பாதையில் ஒரு கிலோமீற்றர் நடந்து, இன்னொரு ஏரியில் இறக்கவேண்டும். மரங்களுக்குக் கீழே ஸ்னோ இன்னும் கிடக்கும். கையுறையைக் கழற்றித் தூண்டில் முடிச்சைப் போட்டுவிட்டுத் திரும்பப் போடுவதற்குள் விரல்கள் யாருடையவோ ஆகிவிடும். முதல் வருடம் என்னை இழுத்துக்கொண்டு போனபோது அவனைத் திட்டாத திட்டில்லை. அடுத்த வருடம் நானாகவே சின்னதாக ஒரு கனூ வாங்கினேன்.

சீமோனிடம் சட்டங்கள் உண்டு. லைஃப் ஜக்கெற்றின் சிப்பைக் கழுத்துவரை இழுத்திருக்கிறோமா என்று அவனே வந்து பார்ப்பான். கரையிலிருந்து கூப்பிடு தூரத்துக்கு வெளியே போகவிடமாட்டான். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: கனூவில் எழும்பக்கூடாது. வள்ளத்தில் வளர்ந்தவனுக்குத்தான் அது கஷ்டம். வள்ளத்தில் நிற்பதுதான் வேலை. வலை இழுப்பதும் நின்றுதான். மீன் பக்கம் மாறினால் காலைத் தூக்கி மறுபக்கம் வைப்பதும் நின்றுதான். கனூ அப்படியல்ல, இடுப்பு அசைந்தாலே சரிந்துவிடும். முதல் இரண்டு வருடம் தன்னுடைய கால் தானாக எழும்பிவிடும் என்று பயந்து முழங்காலில் இருந்தே துடுப்புப் போட்டான். முழங்கால் வீங்கி, வேலையில் நொண்டிக்கொண்டு திரிந்தான்.

கிளிபோட் அவனுடைய ஒரே தங்கை நிரூபாவின் கணவன். கொழும்பில் வளர்ந்த எலெக்ட்ரீஷியன். தண்ணீரைக் குளியலறையில் மட்டும்தான் கண்டவன் என்று சீமோன் பகிடி பண்ணுவான். கிளிபோட் ஓர் இடத்தில் இருக்கமாட்டான். பிறந்தநாள் பார்ட்டியில் முதலாவதாக ஆடுகிறவன் அவன்தான். ஸ்பீடிங் ரிக்கெற் வாங்காத மாதம் இல்லை. நிரூபா அவனைத் திட்டிக்கொண்டேயிருப்பாள். அவன் சிரித்துக்கொண்டேயிருப்பான். நாற்பத்துநாலு வயதில், "மச்சான், இந்த முறை நானும் வாறன்" என்றான். சீமோனுக்குச் சரியான சந்தோசம்.

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். அவர்கள் இரண்டு பேரும் சிவப்புக் கனூவில், நான் தனியாக என்னுடையதில், ஒரு பாறைமுனையைத் தாண்டி அந்தப் பக்கம். விசில் கேட்டது. லைஃப் ஜக்கெற்றில் தொங்குகிற விசில். நிற்காமல் ஊதிக்கொண்டேயிருந்தது. நான் போய்ச்சேரக் கால்மணித்தியாலம் எடுத்தது. கனூ கவிழ்ந்து மிதந்தது. சீமோன் கரைக் கற்களில் இருந்தான். கிளிபோட்டின் தலை அவன் மடியில். லைஃப் ஜக்கெற் கிளிபோட்டை மிதக்க வைத்திருந்தது. குளிர் அவன் இதயத்தை நிறுத்தியிருந்தது. நான் நெஞ்சை அழுத்தினேன், அழுத்தினேன், கை சோர்ந்துபோகும்வரை அழுத்தினேன். போன் வேலை செய்யாத காடு. உதவி கூப்பிடுகிற அவசரக் கருவியின் பொத்தானை வந்தவுடனேயே அழுத்தியிருந்தும், ஹெலிகொப்டர் வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் சீமோனைக் கம்பளிகளால் மூடிப் படுக்க வைத்திருந்தார்கள். குளிரில் பல் அடித்த அடியில் ஒரு சொல் வெளியே வரவில்லை. என்னுடைய போன் அடித்தது. நிரூபா. டொக்டர் ஏற்கெனவே அவளுக்குச் சொல்லிவிட்டார். அவள் கத்தவில்லை, அழவுமில்லை.

"எப்பிடி நாதன் அண்ணை? எப்பிடிப் பிரண்டது?"

எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. தெரியாது என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் எனக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இருக்கமுடியாதே! "கிளிபோட் எழும்பிப்போட்டான் போலை, பிள்ளை. சொன்னாக் கேக்கிற ஆளோ அவன்?" என்றேன்.

கட்டிலிலிருந்து சீமோன் என்னைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். துக்கம் என்று நினைத்தேன்.

நான் சொன்ன வார்த்தை எங்களுக்கு முன்னே ஸ்காபரோ வந்து சேர்ந்துவிட்டது. செத்தவீட்டில் எல்லோரும் அதைத்தான் கதைத்தார்கள். கிளிபோட் எழும்பிவிட்டானாம், அவனுடைய குணம் தெரியும்தானே, சீமோன் பாவம். நம்புவதற்கு யாருக்கும் கஷ்டம் இருக்கவில்லை. நிரூபாவுக்குத்தான் மிகச் சுலபமாக இருந்தது. பதினேழு வருடம் திட்டிய திட்டெல்லாம் சரியென்று ஆகிவிட்டதே. அவள் அழுவதை விட்டுவிட்டுக் கோபிக்கத் தொடங்கினாள். கல்லறைக்குப் போகமாட்டேன் என்றாள். பதினைந்து வயது மகள் மெலிசாவிடம், "உன்ரை அப்பாவுக்கு எங்களைப் பற்றி ஒரு நினைப்புமில்லை. இருந்திருந்தா அந்த இடத்திலை எழும்பியிருப்பாரே?" என்று என் காதுபடச் சொன்னாள். அந்தப் பிள்ளை தகப்பனைப் பற்றிக் கதைப்பதையே நிறுத்திவிட்டது.

சீமோன் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வீட்டுக்குப் போனான். குழாயைத் திருத்தினான், சாமான் வாங்கிக் கொடுத்தான். போய்விட்டு வருகிற ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் மெலிந்து வந்தான். காரில் என்னோடு கதைப்பதும் குறைந்தது.

கிளிபோட்டுக்கான முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்து கோயில் மண்டபத்தில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. நாற்பது பேர் வரையில் இருந்தார்கள். நிரூபா சோற்றுத் தட்டோடு வந்து தமையனுக்கு முன்னால் நின்றாள்.

"அண்ணை, அவர் உங்களையும் எல்லோ சாகப் பண்ணப் பாத்தவர். ஒரு வருசமா இதைக் கேக்கவேணும் எண்டு இருந்தனான். அவருக்காக நான் உங்களிட்டை மன்னிப்புக் கேக்கிறன்."

சீமோன் தட்டை வைத்துவிட்டு வெளியே போனான். நானும் பின்னால் போனேன். கார்ப் பார்க்கில் கைகளை வேனின் மேல் ஊன்றிக்கொண்டு நின்றான்.

"நாதன், எழும்பினது நான்."

எனக்கு விளங்கவில்லை. அவன் என்னைப் பார்க்காமலே சொன்னான். தூண்டிலில் பெரிய மீன் ஒன்று கொளுவியது. அவன் பிடித்ததிலேயே பெரியது. அது கனூவுக்குக் கீழாலே மறுபக்கம் ஓடியது. கிளிபோட் முன்னால் இருந்து, "விடாதேங்கோ மச்சான், விடாதேங்கோ!" என்று கத்தினான். அடுத்த கணம் சீமோன் நின்றுகொண்டிருந்தான். தான் எழும்பியதே தண்ணீர் தலைக்கு மேலே மூடியபோதுதான் தெரிந்தது. பதினாலு வருடம் அடக்கி வைத்திருந்த கால் அது.

"நீ போனிலை அவளுக்குச் சொல்லேக்கை வாயைத் திறக்கப் பாத்தனான். பல்லு அடிச்சுது. பல்லு நிண்ட பிறகும் நான் திறக்கேல்லை."

நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? அவனைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போயிருக்கவேண்டும். ஆனால் நான் சொன்னது இது: "உதை இப்ப சொல்லி ஆருக்கு என்ன வரப்போகுது? அவன் திரும்பி வரப்போறானே? உள்ள தங்கச்சியும் இல்லாமல் போவாள்." அவனுக்காகச் சொன்னதுபோலத்தான் இருந்தது. உண்மையில், தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொன்னவன் என்று என் பெயர் கெட்டுவிடுமே என்ற பயம்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்னிலேயே வெறுப்பு வரும்.

"அவள் செத்த மனிசனை வெறுத்துக்கொண்டிருக்கிறாள், நாதன். அவன்ரை பிள்ளையும் வெறுக்கப்போகுது. எனக்குத் தங்கச்சி வேணும் எண்டதுக்காக அவனுக்கு அவன்ரை வீட்டையே இல்லாமல் செய்துபோட்டன்" என்றான் சீமோன். பிறகு, "நீயும் வா" என்றான்.

பின்னேரமே போனோம். நிரூபா குசினியில் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மெலிசா கதிரையில் காலை மடக்கிக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீமோன் கதிரையில் இருக்கவில்லை, தேத்தண்ணியும் வேண்டாம் என்றான். நின்றபடியே, மீன் ஓடியதிலிருந்து ஒன்றும் விடாமல் சொன்னான். "நாதன் அண்ணை காணேல்லை. அவர் சொன்னது பிழை. நான் கேட்டுக்கொண்டு பேசாமல் கிடந்தனான்" என்றும் சொன்னான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

முதலில் வாய் திறந்தது மெலிசாதான். "வெயிற், மாமா. அப்ப அப்பா எழும்பவே இல்லையா?"

"இல்லை, ராசாத்தி. சொன்ன இடத்திலை, சொன்ன மாதிரி இருந்தவர். ஒருக்காலும் எழும்பேல்லை."

அந்தப் பிள்ளை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு விம்மி விம்மி அழுதது. ஒரு வருடத்து அழுகை அது.

நிரூபா துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள். "தண்ணிக்குள்ளை அவர் ஏதும் சொன்னவரோ?" என்று கேட்டாள்.

சீமோனின் முகம் கோணியது. எனக்கும் அதை அவன் சொல்லியிருக்கவில்லை.

"சொன்னவன். ரெண்டு பேரும் மேலை வந்தம். அவன் மூச்செடுக்க முடியாமல் நடுங்கிக்கொண்டு, என்னைப் பாத்துச் சிரிச்சவன். 'மச்சான், எழும்பக்கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்' எண்டவன். அதுக்குப் பிறகு ஒண்டும் சொல்லேல்லை."

நிரூபாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்று விளங்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அது அவளுடைய புருசனேதான், வேறு யாராலும் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. சிரித்துக்கொண்டே கதிரையில் அமர்ந்து, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, "ஐயோ, கிளிபோட்! என்ரை கிளிபோட்!" என்று அழுதாள். செத்தவீட்டில்கூட அந்தப் பெயரை அவள் அப்படிக் கூப்பிடவில்லை. மெலிசா வந்து தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அழுது முடிந்தபிறகு அவள் முகத்தைத் துடைத்தாள். குரல் அமைதியாகத்தான் இருந்தது.

"ஒரு பிழையும் செய்யாத மனிசனோடை ஒரு வருசம் கோவிச்சுக்கொண்டிருந்திருக்கிறன். அது போதும். இனி உங்களோடைதான் கோவிக்கவேணும், அண்ணை."

"ஓம், பிள்ளை" என்றான் சீமோன்.

"எவ்வளவு காலம் எண்டு எனக்குத் தெரியேல்லை."

"ஓம்."

இரண்டு வருடமாகிறது. சொன்னபடியே அவள் இன்னும் அவனோடு கதைக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் மகளைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்கு, கிளிபோட்டிடம் போகிறாள். அதை யாராவது வந்து சொன்னால், அன்றைக்கு மட்டும் சீமோன் வயிறாரச் சாப்பிடுவான்.