ஆடை எடுத்த பால்

எதற்கெடுத்தாலும் பயப்படுகிற எனக்குப் பயமே அறியாத ஓர் அம்மா வாய்த்தார். அரியலூர் தனி மாவட்டமாகி, மறுபடியும் பெரம்பலூரோடு சேர்ந்திருந்த சமயம். ஒற்றை எருமையை வைத்துக்கொண்டு காலனியில் ஆறு வீடுகளுக்கு அம்மா பால் ஊற்றினார். நான் ஐந்தாவது படித்தேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம்தான் எனக்குப் பள்ளிக்கூடம்.

முதல் வீட்டு சாருக்கு நெஞ்சுவலி வந்து, கொழுப்புள்ள பால் ஆகாது என்று திருச்சி டாக்டர் சொல்லிவிட்டார். அவர் மனைவியை நாங்கள் மேடம் என்போம். “நாளைலேருந்து பாதிக்குப் பாதி தண்ணி ஊத்திக் குடு” என்றார் மேடம்.

“தண்ணி ஊத்துனா ருசிதாங்க போவும், கொழுப்பு அங்கனயேதான் கெடக்கும். நான் காச்சி, ஆற வச்சி, ஆடைய எடுத்துட்டுத் தரேன்” என்றார், கையெழுத்துப் போடத் தெரியாத என் அம்மா.

எடுத்த ஆடை அவர்களுடையது என்று அதையும் தனிக் கிண்ணத்தில் கொடுத்தார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், மேடம் அதைக் கடைந்து நெய்யாக உருக்கி, சாரின் பருப்புச் சோற்றில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“இதுவும் அதேதாங்க மேடம்.”

“கொழுப்பு பால்லதான், நெய்ல ஏது? நெய் தெம்புக்கு. படிச்ச எங்களுக்குத் தெரியாதா?”

மறுநாளிலிருந்து அம்மா ஆடையைக் கொடுக்கவில்லை. எங்களையும் தொட விடவில்லை, அடுத்தவர் பொருளாம். கன்றுக்குட்டியின் தவிட்டில் கலந்துவிட்டார்.

குழாயடியில் பேச்சு கிளம்பியது. “பால்காரி வூட்ல நெய் மணக்குதாமே?”

“மணந்தா மூக்கப் புடிச்சுக்கங்க” என்று அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஆறு வீடும் பாலை நிறுத்திவிட்டால்? திருடி என்று அம்மாவைப் போலீஸ் பிடித்துப்போனால்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா புல்லறுக்கப் போன நேரம், ஆடைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு காலனிக்கு ஓடினேன்.

“உங்கம்மாவுக்கு இல்லாத நாணயம் ஒனக்கு இருக்குடி” என்று மேடம் என் கன்னத்தைக் கிள்ளினார். ஆடையில் சர்க்கரை தூவி சார் முன்னால் வைத்ததைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன்.

அம்மாவின் பேரைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு வாசலிலேயே காத்திருந்து சொன்னேன். தலையிலிருந்த புல்லுக்கட்டை அப்படியே கீழே போட்டார். திட்டவில்லை, அடிக்கவில்லை.

“சார் அதத் தின்னுட்டாராடி?” என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக்கூட நிற்காமல் காலனிப் பக்கம் ஓடினார். திருடிப் பட்டம் நீங்கியதற்குச் சந்தோஷப்படாமல், யாரோ ஒரு சாருக்காக எதற்கு இப்படி ஓடுகிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.