பிள்ளைக்காம்பராவுக்குச் சமயம் எழுதிய கதை

1. ஒழுகல்

பலாபத்வலை ஊருக்கு மேலே ஒரு மலைத்தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா ஆயாவாக இருந்தேன். அம்மாமார் வேலைக்குப் போய் வரும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆம்பளைகள் பேசினால் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன்.

ஒரு மழையில் கூரை ஒழுகி, பதினொரு தொட்டிலில் ஏழு நனைந்தது. வஹகோட்டையிலிருந்து வாக்கப்பட்டு வந்த பிலோமினாவின் மகனுக்குச் சளி கட்டி ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். அடுத்த மழைக்குள் கூரைத் தகரம் மாற்றியாக வேண்டும்.

தேர்தல் நேரம். எம்.பி.யின் செயலாளர் கோயிலுக்கு வந்தார். "நீயே கேளு ஆயாம்மா" என்று தோட்டத் தலைவர் என்னை முன்னால் தள்ளினார். வாய் வரவில்லை. ஆரத்தித் தட்டை அவர் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டே நின்றேன். மீசை கருகுவதற்குள் தலைவரே தகரம் கேட்டுவிட்டார்.

"பிள்ளைக்காம்பராவுக்கு நிதி இல்லீங்க தலைவரே. கோயிலுக்கு இருக்கு, புத்தர் பன்சலைக்கு இருக்கு, பள்ளிவாசலுக்கும் சர்ச்சுக்கும் இருக்கு. சமயம் சொல்லிக் குடுக்கிற அறநெறிப் பாடசாலைன்னு எழுதிக் குடுங்க, தகரம் தானா வரும்" என்றார் செயலாளர்.

2. நாலு கட்டம்

படிவத்தில் சமயத்துக்கு நாலு கட்டம் இருந்தது. என்னிடம் சர்ச்சுக்குப் போகும் பிலோமினாவின் மகனும் இருந்தான், முஸ்லிம் கடைக்கார நானாவின் பேத்தியும் இருந்தாள். நாலிலும் சரி போட்டேன். படிவம் திரும்பி வந்தது.

"அம்மா, நாலும் போட்டா நாலு பேருமே குடுக்க மாட்டாங்க. ஒண்ணு போடுங்க" என்றார் செயலாளர்.

யாரையும் கேட்கக் கூச்சம். இந்து என்பதில் போட்டேன்.

3. திறப்பு விழா

தகரம் வந்தது. கூடவே 'இந்து அறநெறிப் பாடசாலை' என்று கதவைவிடப் பெரிய பலகையும் வந்தது. திறக்க வந்த எம்.பி. நேரே என்னிடமே கேட்டார்.

"இங்க பிள்ளைகளுக்கு என்னம்மா சொல்லிக் குடுக்குறீங்க?"

தகரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயம். பொய்யும் வரவில்லை.

"தூங்க வைப்பேங்க."

மேளச் சத்தத்தில் அவருக்கு என்ன கேட்டதோ. "ரொம்ப நல்ல சேவை, விடாம செய்யுங்க" என்று என்னோடு படம் பிடித்துக்கொண்டு போனார்.

கூட்டம் கலைந்த பிறகு பார்த்தால், பிலோமினா பிள்ளையோடு வெளியே நிற்கிறாள்.

"ஏன் புள்ள அங்கயே நிக்கிற?"

"பலகைய பாத்தேன் அக்கா. இனிமே இவன இங்க விடலாமா?"

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. சரி போட்டது நான்தானே. பிள்ளையை வாங்கிக்கொண்டுபோய் நடுத்தொட்டிலில் போட்டேன்.

இப்போது ஆயா வேலைக்கு வரும் பெண்பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கட்டத்தில் சரி போடுவதற்கு முன்னால், யார் பிள்ளை வெளியே நிற்கப்போகிறது என்று வாய் திறந்து கேளுங்கள். நான் கேட்கவில்லை. மறுநாள் ஈரத்துணிக் கொடியை அந்தப் பலகையை மறைத்துக் கட்டியதுதான் நான் காட்டிய வீரம். அதையும், பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றால் ஓடிப்போய் அவிழ்த்துவிடுவேன். தகரம் வேண்டுமே.